ஜெயராணி அக்காவின் ‘ச்’

செய்தி வந்தபோது நான் தென்காசிப் பேருந்து நிலையத்தில் சுரண்டை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். ஜெயராணி அக்காவைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். கையில் அவருக்குப் பிடித்த மங்குஸ்தான் ஒரு பை. கைப்பேசியில் அவருடைய தம்பி சாமுவேல் அழைத்தார்.

“டீச்சர், எங்கன நிக்கீங்க?”

“பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கேன். வண்டி இப்ப வந்துரும். அக்கா ஏதாவது சாப்ட்டாங்களா?”

சாமுவேலுக்குப் பின்னால் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்று நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

“நீங்க மெதுவாவே வாங்க டீச்சர்,” என்றார் சாமுவேல். “அக்கா நித்திரையாயிட்டா.”

அந்த நாற்காலிச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வந்த வண்டியை விட்டுவிட்டேன். அடுத்ததில் ஏறி உட்கார்ந்தபோது நடத்துநர் எந்த ஊர் என்று கேட்டார். சுரண்டை என்ற சொல் வாயில் வரவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினார்.

அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னீர்கள். “நல்லா இருந்த மனுசி, சீக்கு திடீர்னுல்லா வந்துட்டு.” கோபித்துக்கொள்ளாதீர்கள், அது திடீரென்று வரவில்லை. சொல்லிச் சொல்லித்தான் வந்தது. அது வந்த சத்தத்தை நாங்கள் வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டோம். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்ட கல்லூரி மலர்க் குழுவினர் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நல்லதும் எழுதுகிறேன். ஆனால் அது வந்த வழியையும் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவர் ஆங்கிலத் துறை, நான் தமிழ்த் துறை. ஆசிரியர் அறையில் மேற்குச் சன்னலை ஒட்டி எங்கள் இரண்டு மேசைகளும் கிடந்தன. சன்னலில் மலை தெரியும். அக்காவின் அப்பா இராணுவத்தில் இருந்தவர். சுரண்டையில் பிறந்தாலும் அக்கா வளர்ந்தது வடக்கே, இராணுவக் குடியிருப்புகளில். அங்கே படித்த பள்ளியிலும் விளையாடிய தெருவிலும் ஆங்கிலமே இருந்திருக்கிறது. நாமெல்லாம் புத்தகத்தில் கற்ற மொழியை அவர் பாண்டி ஆடும்போது கேட்டுக் கற்றார். தமிழ் மட்டும் சுத்தச் சுரண்டைப் பேச்சு. அதை எந்தக் குடியிருப்பாலும் அசைக்க முடியவில்லை.

தப்பான ஆங்கில வாக்கியம் ஒன்று காதில் விழுந்தால் அக்காவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும். ‘ச்’. அவ்வளவுதான். வேறு திட்டு கிடையாது, திருத்தம் கிடையாது. அவருக்கே தெரியாமல் வருவது அது. முதல்வர் பேசினாலும் வரும், சிறப்பு விருந்தினர் பேசினாலும் வரும். அதனாலேயே விழாக்களில் கடைசி வரிசையில், மின்விசிறி அதிகம் இரைகிற இடமாகப் பார்த்து உட்காருவார். அப்படியும் ஒரு முறை விருந்தினர் பேச்சை நிறுத்திவிட்டு, அரங்கில் பல்லி இருக்கிறதா என்று கேட்டார். நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

அக்கா தம் வாழ்நாளில் மிகுதியாக யோசித்தது ஒரே விஷயத்தைத்தான்: கொடுப்பது என்று பொருள் தரும் ஆங்கில வினைச்சொற்கள். நான் புதுச்சேலை கட்டிப் போயிருந்த ஒருநாள் அதை எனக்கு விளக்கினார்.

“சேலை யாரு குடுத்தாட்டி?”

“மதினி குடுத்தாங்க.”

“சரி. இத ஒன்ன முதல்ல வச்சு இங்கிலீஷ்ல சொல்லுதேன். ‘உலகம்மாள் வாஸ் கிவன் எ சாரி.’ நல்லா இருக்கு. இப்ப ‘கிவ்’வ எடுத்துட்டு ‘டொனேட்’ போடுதேன். ‘உலகம்மாள் வாஸ் டொனேட்டட் எ சாரி.’ ச்.” புளியங்காயைக் கடித்தவர்போல முகம் சுளித்தார்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான்க்கா இருக்கு.”

“இருக்கும். தமிழ்ல வாங்குதவ எங்கன உக்காந்தாலும் ‘கு’ போட்டுத்தான் உக்காரணும். ‘உலகம்மாளுக்குச் சேலை கொடுக்கப்பட்டது.’ சேலைதான் எழுவாய், நீ ஓரமாத்தான் நிக்கணும். இங்கிலீஷ்ல சில வினை மட்டும் வாங்குதவளத் தூக்கி முன்வரிசை நாற்காலியில வைக்கும். சிலது வைக்கவே வைக்காது. ஏன்னு கேட்டா முழுசா யாருக்கும் பதில் தெரியல.”

அனுப்புவது, காட்டுவது, கற்பிப்பது, வாக்குறுதி தருவது என்று பொருள்படும் வினைகள் நாற்காலி போடுமாம். நன்கொடை தருவது, விளக்குவது, யோசனை சொல்வது ஆகியவை போடாதாம். ஒருவருக்காக வாங்குவது என்ற பொருளில் வரும் ‘பை’ நடுவில் தொங்குமாம். குட்டையான பழஞ்சொற்கள் போடும், இலத்தீனிலிருந்து வந்த நெட்டைச் சொற்கள் போடாது என்று ஒரு விதி இருப்பதாகச் சொல்லி, உடனே ‘கியாரண்டி’யைக் காட்டி அதை உடைத்தார். ‘கியாரண்டி’ நெட்டைதான், ஆனாலும் நாற்காலி போடுமாம். “விதி சொல்லலாம்ட்டி. சொன்ன விதிய அடுத்த வினை வந்து ஒடச்சிரும். கடைசியில காதுதான் நீதிபதி.” நம் பிள்ளைகளுக்காக இதையெல்லாம் ஒரு சிறு புத்தகமாக எழுத வேண்டும் என்பது அவர் ஆசை.

அதற்கு அவர் வேலை செய்த முறை எனக்கு மனப்பாடம். ஏனென்றால் வாக்கியங்களை வாசித்தது நான்தான். தன் வாயால் சொன்னால் காது பாரபட்சம் பார்க்கும் என்பார். ஆங்கிலத் துறைக்காரர்களை வாசிக்கச் சொன்னால் எது தப்பு என்பதைக் குரலிலேயே காட்டிக் கொடுத்துவிடுவார்களாம். “நீ வாசிச்சா எல்லாம் செத்த பாம்பு கணக்கா ஒண்ணுபோல கெடக்கும். அதான் எனக்கு வேணும்.” அப்படி நான் தட்டையாக வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சரியென்றால் ஒன்றும் சொல்லமாட்டார். தப்பென்றால் ‘ச்’. இப்படியே ஆண்டுக்கணக்கில் வாசித்தேன். எனக்கு எந்த வாக்கியம் சரி என்று இன்றுவரை தெரியாது. ஆனால் எந்த வாக்கியத்துக்கு அக்கா ‘ச்’ கொட்டினார் என்பது எல்லாம் தெரியும்.

ஒரு மட்டத்துக்கு மேல் என்னை வாசிக்க விடமாட்டார். ஒரே மாதிரி வாக்கியங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டால், தப்பு தப்பாகத் தெரிவது நின்றுவிடுமாம். இந்த வேலை பார்க்கிற எல்லாருக்கும் உலகமெங்கும் வருகிற சங்கடம் என்றார். காற்றில் வைத்த அப்பளம்போல. “போதும்ட்டி, காது நமத்துப்போச்சு,” என்று எழுந்துவிடுவார். சீசன் என்றால் நேராகக் குற்றாலம். அருவிச் சத்தத்துக்குக் கீழே தலையைக் கொடுத்து நின்றுவிட்டு வந்தால் காது மறுபடி மொறுமொறுப்பாகிவிடும் என்பது அவர் கணக்கு. உண்மையிலும் அப்படித்தான் ஆகும். வெள்ளிக்கிழமை நமத்துப்போன ‘டொனேட்’டுக்குத் திங்கட்கிழமை கண்டிப்பாக ‘ச்’ விழும்.

அருவியில் அவரைப்போல் சூதானமான ஆளை நான் பார்த்ததில்லை. நான் இந்த ஊர்க்காரி, உலகம்மன் பெயரை வைத்துக்கொண்டிருப்பவள். எனக்கே பாடம் எடுப்பார். “தண்ணியில இலை வந்தா ஏறு. குச்சி வந்தா ஓடு. நெறம் மாறிச்சுன்னா நீ ஏற்கெனவே லேட்டு.” அவர் ஏறச் சொன்னால் நான் பாதி சோப்போடு ஏறிவிடுவேன்.

எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை ‘எக்ஸ்பிளெய்ன்’ பற்றி. நம் ஊரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், எந்த மருத்துவமனைக்குப் போனாலும், ‘ஐ வாஸ் எக்ஸ்பிளெய்ன்டு’ என்று சொல்பவர்கள்தாம். எனக்கு விளக்கப்பட்டது என்று சொல்ல வருகிறார்கள். அது தப்பென்றார் அக்கா.

“ஊரே சொல்லுதுன்னா அதான்க்கா சரி,” என்றேன். “தமிழ்ல எத்தனை சொல்லு அப்படித்தான் சரியாச்சு.”

“நான் ஊர ஒண்ணும் சொல்லலியே. ஊரு தாராளமாச் சொல்லட்டும். என் காது ஒத்துக்கிட மாட்டேங்கு, நான் என்ன செய்ய? புஸ்தகத்துல ரெண்டையும் போடுவேன். ஊருக்குச் சரி, எனக்கு ‘ச்’.”

இந்தச் சண்டை எத்தனையோ மழைக்காலங்களாக நடந்தது. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்த வாரம், அவரைச் சீண்டுவதற்காக ‘எக்ஸ்பிளெய்ன்’ வாக்கியத்தை மற்றவற்றோடு சேர்த்து வாசித்தேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடி வாசித்தேன்.

“நல்லாத்தானட்டி இருக்கு,” என்றார்.

நான் துள்ளினேன். ஆசிரியர் அறை முழுவதற்கும் உளுந்தவடை வாங்கிக் கொடுத்து, தமிழ்த் துறை ஆங்கிலத் துறையை ஜெயித்துவிட்டது என்று அறிவித்தேன். அக்காவும் ஒரு வடை தின்றார், எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு வெயில் காலம் வந்தது. ஒருநாள் சிற்றுண்டிச் சாலையிலிருந்து வந்த தேநீரில் பால் திரிந்திருந்தது. முதல் வாயிலேயே ஆளாளுக்குச் சன்னல் பக்கம் ஓடிப்போய்த் துப்பினோம். திரும்பி வந்தால் அக்காவின் டம்ளர் காலியாக இருந்தது. அடியில் வெள்ளை வெள்ளையாகத் திப்பி ஒட்டியிருந்தது.

“என்னக்கா, குடிச்சிட்டீங்களா?”

“ஏன், டீ நல்லாத்தான இருந்துச்சு?”

சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் சொன்னார். காலையில் தலை கனக்கிறது என்று நெற்றியில் தைலம் தடவிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அறை முழுவதும் அந்த வாடைதான்.

‘டொனேட்’ போனது அதற்கப்புறம். பிறகு ‘சஜஸ்ட்’. ஒவ்வொன்றாகப் போயின. நான் வாசிப்பேன், அக்கா கண்ணை மூடியபடி இருப்பார், அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். முன்பெல்லாம் அவருடைய மௌனம் ‘சரி’ என்று பொருள்பட்டது. இப்போது அதே மௌனம் நீண்டுகொண்டே போனபோது, வாசித்ததையே மறுபடி வாசித்துப் பார்த்தேன். அக்கா அசரவில்லை. “காது ரொம்ப நமத்துப்போச்சுட்டி. இத்தனை வருசத்து நமப்பு. ஒரு நாள் ரெண்டு நாள்ல போகாது.” அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள். இறைச்சியை விட்டதோடு ஆங்கிலத்தையும் விட்டார். வகுப்பு நேரம் தவிர ஆங்கிலம் கேட்பதில்லை, பேசுவதில்லை, தொலைக்காட்சிச் செய்தி கூடத் தமிழில்தான். காதுக்கும் லெந்து என்றார். ஈஸ்டர் முடிந்து வந்து, ஆவலோடு என் எதிரே உட்கார்ந்து, “ம், வாசி,” என்றார். வாசித்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்.

வேறு யாருக்காவது இப்படி வந்திருந்தால், எங்கேயோ கோளாறு என்று மருத்துவரிடம் போயிருப்பார்கள். இந்த வேலை செய்கிற ஒருவருக்குத்தான் இதற்குத் தயாராக ‘நமப்பு’ என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் போதும் என்று அவர் இருந்துவிட்டார். நானும் அவர் வார்த்தையை நம்பினேன். அவருடைய காதைப் பற்றி அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது?

ஆனி பிறந்தது. சாரல் நன்றாக விழுந்தது. ஒரு நல்ல குளியல் போட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்று அக்கா என்னைப் பெரிய அருவிக்கு இழுத்துப் போனார். பெண்கள் பக்கம் அதிகக் கூட்டமில்லை. கேரளத்திலிருந்து வந்த ஒரு குடும்பமும் உள்ளூர்ப் பெண்கள் சிலரும் நின்றார்கள். நான் தலையை நனைத்துக்கொண்டு வெளியே வந்து துவட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கம்பியைப் பிடித்தபடி அருவிக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

முதலில் மாறியது சத்தம். இரைச்சல் கொஞ்சம் கனத்துக் கீழிறங்கியது. பிறகு என் காலடியில் ஓடிய தண்ணீரில் இலைகள் வந்தன. நான் அக்காவைப் பார்த்தேன். எப்போதும் முதலில் ஏறுகிறவர் அவர்தான். ஏறவில்லை. குச்சிகள் வந்தன. கேரளத்துப் பெண் ஒருத்தி குழந்தையை இடுப்பில் அள்ளிக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்து “ஓடிக்கோ, ஓடிக்கோ” என்று கத்தியபடி போனாள். காவலர்களின் விசில் விடாமல் ஒலித்தது.

“அக்கா! ஏறுங்கக்கா!”

அவர் என்னைப் பார்த்தார். இலைகளைப் பார்த்தார். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குழந்தைக்குக் காட்டுவதுபோல் எனக்குக் கையசைத்தார்.

பெண் காவலர் ஒருவர் சீருடையோடு உள்ளே பாய்ந்து, அவருடைய முழங்கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தார். “ஏம்மா, தண்ணி நெறம் மாறுதே, கண்ணு தெரியலியா? இந்த ஊருக்காரங்கதான நீங்க?”

“தண்ணி நல்லாத்தானம்மா இருந்துச்சு,” என்று அக்கா சிரித்தார்.

நாங்கள் படியேறித் திரும்பிப் பார்த்தபோது, அவர் பிடித்து நின்ற கம்பி தண்ணீருக்குள் இருந்தது. மரக்கிளை ஒன்று அதில் மோதி மோதி முறிந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் அக்கா பேருந்துச் சன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “அருமையான குளியல்ட்டி,” என்றார். என் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன, அது குளிரால் என்று அவர் நினைத்திருப்பார்.

மறுநாளே மருத்துவரைப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். அக்காவுக்குக் கோபம் வந்தது. “சவத்த விடுட்டி. காது நமத்தா டாக்டர்ட்டயா போவாக? நீ தமிழ்க்காரி, ஒனக்கு இந்த வேலை தெரியாது.” அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அதில்தான் வழியும் இருந்தது. இந்த வேலை தெரியாதவள் செய்யக்கூடிய ஒன்றை யோசித்தேன். திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம்தான் நமத்துப்போகும். உலகத்தில் யாருமே சொல்லியிராத வாக்கியம் எப்படி நமக்கும்? அதுவும் என் அரைகுறை ஆங்கிலத்துக்கே தப்பென்று தெரிகிற வாக்கியம்?

அந்தச் சனிக்கிழமை பகலில் இலஞ்சிக்கு, அக்காவின் வீட்டுக்குப் போனேன். மலையிலிருந்து மேகம் வயல்வரை இறங்கியிருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம்.

“புதுசா ரெண்டு மூணு வாக்கியம் செஞ்சு கொண்டாந்திருக்கேன்க்கா.”

“நீயா? இங்கிலீஷ்லயா?” என்று சிரித்தார். “சரி, வாசி.”

கொடுப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத வினைகளாகப் பார்த்துச் செய்திருந்தேன். ‘ஐ வாஸ் ஸ்னீஸ்டு எ புக்.’ தமிழில் சொன்னால், நான் ஒரு புத்தகம் தும்மப்பட்டேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ‘ச்’. ஒரே ஒரு ‘ச்’ வந்துவிட்டால் போதும், உலகம்மனுக்குப் பட்டு சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

“நல்லா இருக்கு,” என்றார்.

‘ஷீ வாஸ் ஸ்லெப்ட் எ சாரி.’ அவள் ஒரு சேலை தூங்கப்பட்டாள்.

“இதுவும் நல்லா இருக்கு.”

“அக்கா, இத நான் தமிழ்ல சொல்லுதேன், கேளுங்க.” சொன்னேன். தும்மப்பட்டேன் என்றதும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அவருக்குக் காது போயிருந்தது. கணக்கு இன்னும் போகவில்லை.

“இத இதுக்கு முன்னால நான் கேட்டதில்ல. என்னட்டி?”

“இல்லக்கா. இன்னைக்குக் காலைலதான் செஞ்சேன்.”

“அப்போ இது நமத்துப் போயிருக்காது.”

“போயிருக்காதுக்கா.”

வெளியே மழை வலுத்தது. அக்கா எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார். எனக்கு முதுகைக் காட்டியபடி, “சாமுவேலுக்கு ஃபோனப் போடு,” என்றார். கொஞ்சம் கழித்து, “கிறிஸ்மஸுக்குப் பொறவு நான் சரின்னு சொன்ன எதையும் புஸ்தகத்துல சேத்துராத. அது நான் சொன்னதில்ல,” என்றார். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவர் வந்து என் தலையில் கை வைத்து, சமையற்கட்டுக்குப் போய் எனக்குக் காபி போட்டு எடுத்து வந்தார்.

திருநெல்வேலியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடது காதுக்கு மேலே, மண்டைக்குள், கட்டி. அது வளர்ந்து முன்பக்கமாகவும் போயிருந்தது. மருத்துவர் பொறுமையாக எல்லாம் சொன்னார். முடிவில் உதவியாளரிடம், ‘பேஷன்ட் வாஸ் எக்ஸ்பிளெய்ன்டு எவ்ரிதிங்’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் என்னையறியாமல் அக்காவின் வாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மருத்துவரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். எங்கள் பழைய சண்டையில் அவர் தோற்றது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த வெற்றியை யாராவது திரும்ப எடுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

அறுவை செய்து எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். அதன்பின் சாமுவேல் அவரைச் சுரண்டைக்கு அழைத்துப்போனார். அவருடைய பலசரக்குக் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் கட்டில் போட்டிருந்தது. மல்லி, வத்தல் வாடைக்கு நடுவே அக்கா படுத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்கள் போயின. கடைசிவரை நின்ற சொல் ‘நல்லா இருக்கு’. கஞ்சி உப்பில்லாமல் இருந்தாலும் நல்லா இருக்கு. ஊசி போட்டாலும் நல்லா இருக்கு. பார்க்க வந்தவர்களெல்லாம், “எம்புட்டு சாந்தமா இருக்காக பாருங்க,” என்று மெச்சினார்கள். எனக்கு அந்தச் சாந்தத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. தண்ணீர் நிறம் மாறிக்கொண்டிருக்க, அவர் அங்கேயே நின்று கையசைப்பதுபோல இருந்தது. இழுத்துவர எந்தப் பெண் காவலராலும் முடியாத இடத்தில் நின்றார்.

வாரந்தோறும் போனேன். போகும்போதெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்து பழைய வாக்கியங்களை அதே செத்த பாம்புக் குரலில் வாசிப்பேன். ‘உலகம்மாள் வாஸ் டொனேட்டட் எ சாரி.’ வாசித்துவிட்டு அவர் வாயைப் பார்ப்பேன். சாமுவேல் முதலில் ஒருமாதிரியாகப் பார்த்தார், பிறகு பழகிவிட்டார். மாதக்கணக்கில் வாசித்தேன். ஒரு நாளும் அது வரவில்லை. பிறகு ‘நல்லா இருக்கு’வும் நின்றுபோனது.

அவர் இறப்பதற்கு முந்தைய வாரமும் போயிருந்தேன். மறுபடி சீசன் தொடங்கியிருந்தது. சுரண்டையில் மழை இல்லை. மேற்கே மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது, காற்று கடைக்கதவை அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வாக்கியங்களை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் கை சுள்ளியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, மருத்துவமனைகளில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்கிற ஒன்றை நானும் சொன்னேன்.

“சாரல் விழ ஆரம்பிச்சிட்டுக்கா. நீங்க நல்லாயிருவீங்க. ஆடி முடியுததுக்குள்ள ரெண்டு பேரும் அருவிக்குப் போறோம்.”

“ச்.”

முதலில் பல்லியோ என்று நினைத்தேன். சுவரைக்கூடப் பார்த்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். கண் மூடியே இருந்தது. உதடு மட்டும் சற்றுப் பிரிந்து, நாக்கு மேலண்ணத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. புளியங்காய்ச் சுளிப்பு நெற்றியில் லேசாக ஓடி மறைந்தது. இத்தனை மாதம் நான் கெஞ்சிக் கேட்ட தீர்ப்பு, நான் சொன்ன ஆறுதலுக்கு விழுந்தது. நான் இரண்டாவது முறை சொல்லிப் பார்க்கவில்லை. எதையும் முதல் தடவை கேட்பதைத்தான் அவர் நம்புவார். சாமுவேல் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, “அக்கா ஏதும் கேட்டாளா டீச்சர்?” என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்காவிடமிருந்து எனக்கு என்ன கிடைத்தது என்று மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய தீர்ப்புகளை மட்டும் வைத்து அந்தச் சிறு புத்தகத்தை ஆங்கிலத் துறை முடித்துக் கொண்டிருக்கிறது. அது பிள்ளைகளுக்குப் போகும். எனக்குக் கிடைத்தது வேறு. அது என்னிடம் இருப்பது அடக்க நாள்வரை எனக்கே தெரியாது.

ஆராதனை முடிந்து, பெட்டியை மூடுவதற்கு முன் எல்லாரும் சுற்றி நின்றோம். உறவினர் ஒருவர், நல்ல மனுஷர்தான், என் தோளைத் தட்டி, “மனசத் தேத்திக்கிடுங்க டீச்சர். எல்லாம் நல்லதுக்குத்தான்,” என்றார்.

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்தது. சத்தமாகவே கேட்டுவிட்டது. எதிரே தலை குனிந்து நின்ற சாமுவேல் திடுக்கிட்டு நிமிர்ந்து, பெட்டிக்குள் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.